குறியீட்டுக்குள் ஒரு மரம்: வாசகர் கேள்வி–பதில்

படிநிலைத் தரவை எழுத்துக் குறியீடுகளாகத் தரவுத்தளத்தில் சேமிப்பது பற்றியும், அதை எஸ்க்யூஎல் என்னும் தரவுத்தள வினவல் மொழி கொண்டு வினவுவது பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் ஒன்றோடொன்று தொடர்புடையவையாக இருப்பதால், இந்த இதழில் அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டுள்ளேன்.

கேள்வி: எங்கள் கணக்குத் தலைப்புகள் '1', '1.1', '1.1.3' எனப் புள்ளி வைத்த குறியீடுகளாக ஒரே நெடுவரிசையில் உள்ளன. '1.1' என்ற தலைப்பையும் அதன் கீழ் உள்ள எல்லாவற்றையும் எடுப்பதற்காக, குறியீடு லைக் '1.1%' என்று நிபந்தனை எழுதினேன். கூட்டுத்தொகை இருக்க வேண்டியதைவிட அதிகமாக வருகிறது. காரணம் என்ன?

பதில்: உங்கள் நிபந்தனை '1.1' என்று தொடங்கும் எழுத்துச்சரங்கள் எல்லாவற்றையும் கேட்கிறது, '1.10', '1.11', '1.19.4' ஆகியவையும் அப்படித்தான் தொடங்குகின்றன. அவை '1.1' என்ற கிளையின் பிள்ளைகள் அல்ல, அதன் உடன்பிறப்புகளும் அவற்றின் வாரிசுகளும் என்பது நமக்குத் தெரியும், தரவுத்தளத்துக்குத் தெரியாது. அதன் பார்வையில் குறியீடு என்பது எழுத்துகளின் வரிசை மட்டுமே. ஒன்று முதல் ஒன்பது வரை பிள்ளைகள் இருக்கும் காலம் முழுவதும் இந்த வினவல் சரியான விடையையே தந்துகொண்டிருக்கும். பத்தாவது தலைப்பு சேர்க்கப்படும் நாளில், எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல், விடை தவறிவிடும். நான் முன்பு பணிபுரிந்த ஓர் அலுவலகத்தில் இதே வகைப் பிழை, ஆண்டு அறிக்கையைக் கையால் சரிபார்த்தபோதுதான் வெளிப்பட்டது. ஆகவே இதைச் சிறிய தவறு என்று என்னால் கடந்துபோக முடியவில்லை.

முதல் திருத்தம் எளிது: குறியீடு = '1.1' அல்லது குறியீடு லைக் '1.1.%' என இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். இரண்டாவது பகுதியின் இறுதியில் உள்ள புள்ளிதான், '1.10' உள்ளே நுழையாமல் தடுக்கிறது.

ஆனால் இதைவிடச் சிறந்த வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு குறியீட்டையும் இறுதிப் புள்ளியோடு சேர்த்தே சேமித்துவிடுங்கள்: '1.', '1.1.', '1.1.3.' என்பதாக. புள்ளியை இரண்டு எண்களுக்கு நடுவில் நிற்கும் அலங்காரமாகக் கருதாமல், ஒவ்வொரு பகுதியையும் முடித்துவைக்கும் எழுத்தாகக் கருதுவதே இதன் கருத்து. அப்போது லைக் '1.1.%' என்ற ஒரே நிபந்தனை '1.1.' என்ற தலைப்பையும் அதன் வாரிசுகளையும் சேர்த்துத் தரும், '1.10.' ஒருபோதும் அதில் சிக்காது. திரையிலும் அச்சிலும் காட்டும்போது கடைசிப் புள்ளியை நீக்கிக்கொள்ளலாம். இனி வரும் பதில்கள் எல்லாவற்றிலும் குறியீடுகள் இப்படி முடிவுப் புள்ளியோடு இருப்பதாகவே வைத்துக்கொள்கிறேன்.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. லைக் நிபந்தனையில் சதவீதக் குறி எத்தனை எழுத்துகளுக்கும் பொருந்துவது போலவே, அடிக்கோடு ஏதேனும் ஓர் எழுத்துக்குப் பொருந்தும். உங்கள் குறியீடுகளில் அடிக்கோடும் இடம்பெற்றிருந்தால், எஸ்கேப் என்ற சொல்லோடு ஒரு விடுபடு குறியை அறிவித்து, ஒவ்வோர் அடிக்கோட்டுக்கும் முன்னால் அதை இட வேண்டும். இல்லையெனில் கேட்காத வரிசைகளும் வந்து சேரும்.

கேள்வி: குறியீட்டின்படி வரிசைப்படுத்தினால் '1.10.' என்பது '1.2.' என்பதற்கு முன்னால் வருகிறது. சில கணினிகளில் வரிசை வேறு விதமாகவும் மாறுகிறது. ஒரே தரவுக்கு இரண்டு வரிசைகள் எப்படி?

பதில்: இங்கே இரண்டு சிக்கல்கள் கலந்துள்ளன. முதலாவது, எழுத்துச்சரங்கள் இடமிருந்து வலமாக, ஓர் எழுத்துக்கு எதிராக ஓர் எழுத்து என்று ஒப்பிடப்படுவது. '1.10.' என்பதில் மூன்றாவது எழுத்து 1, '1.2.' என்பதில் மூன்றாவது எழுத்து 2. அங்கேயே ஒப்பீடு முடிந்துவிடுகிறது. இதற்குரிய பழைய மருந்து, ஒவ்வொரு பகுதியையும் ஒரே அகலத்துக்குச் சுழியமிட்டு நிரப்புவது: '01.02.', '01.10.'.

அகலத்தை எவ்வளவு வைப்பது என்பதைச் சிக்கனமாக முடிவு செய்யாதீர்கள். இரண்டு இலக்கம் என்றால் 99 பிள்ளைகளோடு இடம் முடிகிறது. நூறாவது பிள்ளைக்கு '01.100.' என்று கொடுத்தால் அது '01.10.' என்பதற்கும் '01.11.' என்பதற்கும் இடையில் போய் அமரும். புள்ளி இருப்பதால் கிளையைத் தேடும் வினவல் அப்போதும் தவறாது, வரிசை மட்டுமே கெடும். புள்ளி இல்லாமல் அகலத்தை மட்டும் நம்பி '0110' என்று எழுதும் முறையில், அகலம் மீறப்பட்டால் தேடலே தவறிவிடும். புள்ளியை நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுழியமிட இயலாத பழைய தரவாக இருந்தால், போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்னும் தரவுத்தள மென்பொருளில் கடைசிப் புள்ளியை நீக்கி, எஞ்சியதைப் புள்ளிதோறும் பிரித்து முழு எண்களின் வரிசையாக மாற்றி, அதன்படி அடுக்கலாம். அங்கே அத்தகைய எண்வரிசைகள் உறுப்பு உறுப்பாக ஒப்பிடப்படுவதால் 10 என்பது 2 என்பதற்குப் பின்னரே வரும்.

இரண்டாவது சிக்கல் கொலேஷன் எனப்படும் அகரவரிசை விதியைச் சேர்ந்தது. பல மொழி விதிகள், முதல் சுற்று ஒப்பீட்டில் நிறுத்தற்குறிகளைக் கண்டுகொள்வதில்லை. புள்ளியைப் பொருட்படுத்தாத விதியில் '01.02.' என்பதும் '0102' என்பதும் ஏறத்தாழ ஒன்றாகிவிடுகின்றன. அதனால் கிளைகள் ஒன்றுக்குள் ஒன்று கலந்து தெரியும். இயங்குதளம் மாறும்போது விதி மாறுவதும், அதோடு உங்கள் பட்டியல் மாறுவதும் இதனால்தான். குறியீடு என்பது மொழி அல்ல. அதற்கு மொழியின் அகரவரிசை தேவையில்லை. போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் அந்த நெடுவரிசைக்கு 'சி' என்னும் விதியையும், மைஎஸ்க்யூஎல்லில் பைனரி வகை விதி ஒன்றையும் அறிவித்துவிடுங்கள். அப்போது ஒப்பீடு எழுத்துகளின் உள் எண்களின்படியே நடக்கும். ஆஸ்கி அட்டவணையில் புள்ளியின் எண் 46, இலக்கங்களின் எண்கள் 48 முதல் 57 வரை. புள்ளி எல்லா இலக்கங்களுக்கும் முந்தியது என்பதால், முதலில் தாய்த் தலைப்பு, உடனே அதன் வாரிசுகள் எல்லாம், அதன் பிறகே அடுத்த உடன்பிறப்பு என்று, மரத்தை நடந்து செல்வது போன்ற வரிசை தானாகவே கிடைக்கிறது. பகுதிகளுக்குள் இடைவெளியோ இணைப்புக்கோடோ வந்தால் இந்த ஒழுங்கு குலையும். இடைவெளியின் எண் 32, இணைப்புக்கோட்டின் எண் 45, இரண்டும் புள்ளிக்குக் கீழே உள்ளவை.

கேள்வி: அட்டவணையில் இருபது இலட்சம் வரிசைகள் உள்ளன. குறியீட்டுக்கு இண்டெக்ஸ் வைத்தும் லைக் வினவல் மெதுவாகவே ஓடுகிறது.

பதில்: பி-ட்ரீ வகை இண்டெக்ஸ் அகராதி போன்றது. சொல்லின் தொடக்கம் தெரிந்தால் பக்கத்தைத் திறந்துவிடலாம். முடிவு மட்டும் தெரிந்தால் புத்தகம் முழுவதையும் புரட்ட வேண்டும். எனவே சதவீதக் குறி முதலில் நிற்கும் எந்த நிபந்தனைக்கும் அந்த இண்டெக்ஸ் உதவாது. உங்கள் நிபந்தனை முன்னொட்டாகவே இருந்தும் மெதுவாக ஓடுகிறதென்றால், மீண்டும் அகரவரிசை விதியைத்தான் ஐயுற வேண்டும். போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் மொழி விதி கொண்ட நெடுவரிசையின் சாதாரண இண்டெக்ஸ் லைக் தேடலுக்குப் பயன்படாது. 'சி' விதி கொண்டதாக இருந்தால் பயன்படும். எஸ்க்யூலைட்டில் லைக் என்பது ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்துகளை வேறுபடுத்தாமல் ஒப்பிடுவதால், வழக்கமான இண்டெக்ஸைத் தவிர்த்துவிடும். அங்கே குளோப் என்ற செயலியைச் சதவீதக் குறிக்குப் பதிலாக நட்சத்திரக் குறியோடு பயன்படுத்தினால் இண்டெக்ஸ் வேலை செய்யும்.

லைக் என்பதையே தவிர்த்து எழுதும் வழியும் உண்டு. எனக்கு அதுவே பிடித்தமானது. ஆஸ்கியில் புள்ளிக்கு அடுத்த எழுத்து சாய்கோடு, அதன் எண் 47. ஆகவே '01.03.' என்ற கிளை முழுவதும், குறியீடு >= '01.03.' மற்றும் குறியீடு < '01.03/' என்ற இரண்டு எல்லைகளுக்கு நடுவில் தொடர்ச்சியாக அமைந்திருக்கும். இது வெறும் எல்லைத் தேடல் என்பதால், பைட் வரிசை விதி உள்ள எந்தத் தரவுத்தளத்திலும் இண்டெக்ஸ் தயக்கமின்றிப் பயன்படும். தேடவேண்டிய முன்னொட்டு வேறோர் அட்டவணையின் நெடுவரிசையிலிருந்து வரும்போது இந்த வடிவத்தின் அருமை தெரியும். அந்த நிலையில் லைக் நிபந்தனையின் வார்ப்பு, அதாவது தேடும் வடிவம், முன்கூட்டியே தெரியாததால் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் இண்டெக்ஸைக் கைவிடும், எல்லைத் தேடலிலோ கைவிடாது.

கேள்வி: வாரிசுகள் எல்லாம் வேண்டாம், நேரடிப் பிள்ளைகள் மட்டும் வேண்டும்.

பதில்: ஒவ்வொரு வரிசைக்கும் அதன் மட்டத்தைத் தனி நெடுவரிசையில் வையுங்கள். முடிவுப் புள்ளி உள்ள குறியீட்டில், புள்ளிகளின் எண்ணிக்கையே மட்டம். குறியீட்டின் நீளத்திலிருந்து, புள்ளிகளை நீக்கிய குறியீட்டின் நீளத்தைக் கழித்தால் அது கிடைக்கும். போஸ்ட்கிரெஸ்க்யூஎல் 12 முதலும் மைஎஸ்க்யூஎல் 5.7 முதலும் இத்தகைய கணிப்பு நெடுவரிசையைத் தரவுத்தளமே பராமரிக்கும். பிறகு கிளை நிபந்தனையோடு, மட்டம் தாயின் மட்டத்தைவிட ஒன்று கூடுதல் என்று சேர்த்தால் போதும்.

கேள்வி: ஒரு கடைநிலைத் தலைப்பைக் கொடுத்தால், வேரிலிருந்து அதுவரை உள்ள பாதையைக் காட்ட வேண்டும். எப்படி எழுதுவது?

பதில்: வழக்கமாக நெடுவரிசை இடப்பக்கமும் வார்ப்பு வலப்பக்கமும் நிற்கும். இங்கே அவற்றை இடம் மாற்றிக்கொள்ளுங்கள்: '01.03.002.' லைக் குறியீடு || '%' (இங்கே || என்பது இரண்டு சரங்களை ஒட்டும் குறி). எந்தக் குறியீடுகள் இந்தச் சரத்தின் முன்னொட்டாக அமைகின்றன என்று இந்த நிபந்தனை கேட்கிறது, '01.', '01.03.', '01.03.002.' ஆகிய மூன்றும் விடையாக வரும். குறியீட்டின் நீளப்படி அடுக்கினால் வேர் முதலிலும் இலை இறுதியிலும் நிற்கும். சில ஆயிரம் வரிசைகள் கொண்ட அட்டவணைக்கு இது போதுமானது.

உங்கள் அட்டவணை பெரியது என்றால் இந்த வடிவம் ஒவ்வொரு வரிசையையும் தொட்டுப் பார்க்கும், இண்டெக்ஸ் உதவாது. அப்போது தரவுத்தளத்தைக் கேட்பதற்கு முன்பே, நிரலில் சரத்தைப் புள்ளிதோறும் வெட்டி முன்னொட்டுகளைத் தயாரித்து, இன் என்ற சொல்லோடு அந்த மூன்று குறியீடுகளையும் நேராகக் கொடுத்துவிடுங்கள். ஒரு குறியீட்டின் மூதாதையர் யார் என்பது அக்குறியீட்டுக்குள்ளேயே எழுதப்பட்டிருப்பது இம்முறையின் பெரிய நன்மை.

கேள்வி: ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே, அதன் கீழ் உள்ள பதிவுகள் அனைத்தின் கூட்டுத்தொகை வர வேண்டும். நான் எழுதிய வினவலில் இறுதி மொத்தம் இரு மடங்காக வருகிறது.

பதில்: வினவல் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், இறுதி மொத்தத்தைக் கூட்டும் இடத்தில்தான் தவறு இருக்க வேண்டும். படிப்படியாகப் பார்ப்போம்.

தலைப்பு என்ற அட்டவணையையும் பதிவு என்ற அட்டவணையையும், பதிவின் குறியீடு தலைப்பின் குறியீட்டோடு தொடங்க வேண்டும் என்ற நிபந்தனையில் ஜாயின் செய்து, அதாவது இணைத்து, தலைப்பின் குறியீட்டின்படி குழுவாக்கித் தொகையைக் கூட்டுகிறீர்கள். இதில் ஒரு பதிவு, தன் தலைப்பின் கணக்கில் ஒரு முறையும், ஒவ்வொரு மூதாதையின் கணக்கில் ஒரு முறையும் இடம்பெறும். அப்படி இடம்பெறுவதுதான் நோக்கமே. '01.01.' என்பதில் 300, '01.02.' என்பதில் 200 இருந்தால் '01.' என்பதற்கு 500 வரும். இப்போது அந்த நெடுவரிசையை மேலிருந்து கீழாகக் கூட்டினால் 1000 கிடைக்கும். மரம் மூன்று மட்டங்கள் கொண்டதாக இருந்தால் மும்மடங்காகும். எனவே முழு மொத்தத்தை மட்டம் 1 உள்ள தலைப்புகளிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும், அல்லது பதிவு அட்டவணையிலிருந்து தனியாகக் கணக்கிட வேண்டும். நான் இரண்டையும் செய்து, இரண்டும் சமமாக இருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் ஒப்பிடுவது வழக்கம். ஏதோ ஒரு பதிவின் குறியீடு தலைப்பு அட்டவணையில் இல்லாமல் அநாதையாக இருந்தால், அந்த ஒப்பீடு அதை உடனே காட்டிக்கொடுக்கும்.

பதிவே இல்லாத தலைப்புகளும் சுழியத்தோடு பட்டியலில் வர வேண்டுமென்றால் லெஃப்ட் ஜாயின் எழுதி, தொகை இல்லாத இடத்தில் சுழியம் வருமாறு கோலெஸ் செயலியைப் பயன்படுத்துங்கள். அவ்வாறு எழுதும்போது தேதி வரம்பு போன்ற பதிவு சார்ந்த நிபந்தனைகளை வேர் (WHERE) எனும் வடிகட்டும் பகுதியில் வைக்காமல், ஆன் பகுதிக்குள்ளேயே வைக்க வேண்டும். வேர் பகுதியில் வைத்தால், பதிவு இல்லாத தலைப்பின் தேதி நல் (NULL), அதாவது மதிப்பற்றது, ஆக இருப்பதால் அந்த வரிசை கழிந்துபோகும்; லெஃப்ட் ஜாயின் எழுதியதன் பயன் முழுவதும் அழிந்துவிடும்.

வேகம் முக்கியமானால், முந்தைய பதிலில் சொன்ன எல்லைத் தேடலையே ஜாயின் நிபந்தனையாக எழுதலாம். தலைப்பு அட்டவணையில் 'மேல் எல்லை' என்ற கணிப்பு நெடுவரிசை ஒன்றை வைத்து, அதில் குறியீட்டின் கடைசிப் புள்ளியைச் சாய்கோடாக மாற்றிய வடிவத்தைச் சேமித்துக்கொண்டால், நிபந்தனை படிப்பதற்கும் தெளிவாக இருக்கும்.

கேள்வி: நூலகப் பகுப்பெண்களையும் நோய்க் குறியீடுகளையும் இதே முன்னொட்டு முறையில் தேடலாமா?

பதில்: சிலவற்றைத் தேடலாம், சிலவற்றைத் தேடினால் விடை தவறும். குறியீட்டை வகுத்தவர்கள் தரவுத்தளத்தை மனத்தில் வைத்து வகுக்கவில்லை என்பதை மறந்துவிடக்கூடாது.

டூயி தசமப் பகுப்பு முறை 1876-ஆம் ஆண்டு வெளிவந்தது. அதில் 500 இயற்கை அறிவியல், 510 கணிதம், 512 இயற்கணிதம். 510 என்பது 512 என்பதன் தாய். ஆனால் '510' என்பது '512' என்பதன் முன்னொட்டு அல்ல. ஈற்றுச் சுழியங்களை நீக்கி '51%' என்று தேட வேண்டும் என்று தோன்றும். அது 510 என்பதற்குப் பொருந்தும். ஆனால் 500 என்ற எண், முழு அறிவியல் வகுப்பையும் குறிக்கும், அதன் முதல் பத்துப் பிரிவுகளான 500 முதல் 509 வரையிலான பொதுப் பகுதியையும் குறிக்கும்; நீங்கள் எதைக் கேட்கிறீர்கள் என்பது எண்ணிலிருந்து தெரியாது. மேலும் அங்கே புள்ளி மட்டத்தின் அடையாளமும் அல்ல. தமிழ் இலக்கியத்துக்கு உரிய 894.811 என்ற எண்ணில் புள்ளி ஒன்றுதான், மட்டங்களோ பல: 8 இலக்கியம், 894.8 திராவிட மொழி இலக்கியங்கள், அதற்குள் தமிழ். மூன்று இலக்கங்களுக்குப் பின் கண்ணுக்கு ஓய்வு தருவது போல நிற்கும் புள்ளி அது.

நோய்களுக்கான பன்னாட்டுப் பகுப்பான ஐசிடி-10 இன்னொரு வகை. அதில் ஜே45 என்பது ஆஸ்துமா, ஜே45.0 அதன் உட்பிரிவு. இந்த இரண்டு மட்டங்களுக்கு இடையே முன்னொட்டுத் தேடல் நன்றாக வேலை செய்யும். அதற்கு மேலே போனால் செய்யாது, ஏனெனில் மேல்நிலைப் பிரிவுகள் எல்லைகளாக அமைந்தவை: நாள்பட்ட கீழ்ச் சுவாசப்பாதை நோய்கள் ஜே40 முதல் ஜே47 வரை. அத்தியாயங்கள்கூட முதல் எழுத்தோடு ஒத்துப்போவதில்லை. ஹெச் என்று தொடங்கும் குறியீடுகளில் 00 முதல் 59 வரை கண்ணுக்கும், 60 முதல் 95 வரை காதுக்கும் உரியவை. முதல் எழுத்தை மட்டும் வைத்துக் கூட்டினால் கண் நோயாளிகளும் காது நோயாளிகளும் ஒன்றாகிவிடுவார்கள். எல்லையாகத் தேடும்போதும் கவனம் தேவை. 'ஹெச்60' முதல் 'ஹெச்95' வரை என்று பிட்வீன் எழுதினால் 'ஹெச்95.1' விடுபட்டுப்போகும், ஏனெனில் எழுத்துச்சர ஒப்பீட்டில் அது 'ஹெச்95' என்பதைவிடப் பெரியது. 'ஹெச்96' என்பதைவிடச் சிறியது என்று மேல் எல்லையை எழுதுவதே சரி.

1988-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த, சுங்கத்துறைகள் பயன்படுத்தும் ஹெச்எஸ் சரக்குக் குறியீடு தேடலுக்கு மிகவும் உகந்தது. முதல் இரண்டு இலக்கங்கள் அத்தியாயம், நான்கு இலக்கங்கள் தலைப்பு, ஆறு இலக்கங்கள் உட்தலைப்பு. அகலம் மாறாததால் புள்ளி இல்லாமலேயே '0101%' என்று குதிரை, கழுதை, கோவேறு கழுதை ஆகிய உயிர்விலங்குகளின் தலைப்பைத் தேடிவிடலாம். ஆனால் அங்கும் அத்தியாயங்களுக்கு மேலே உள்ள 21 பிரிவுகள் குறியீட்டுக்குள் இடம்பெறுவதில்லை. 84, 85 ஆகிய இரண்டு அத்தியாயங்களும் ஒரே பிரிவைச் சேர்ந்தவை என்பதை எண்களை எவ்வளவு நேரம் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே வெளியார் வகுத்த குறியீடுகளுக்கு, குறியீடு, அதன் தாய்க் குறியீடு, மட்டம் ஆகிய மூன்றையும் கொண்ட அட்டவணை ஒன்றை, வெளியிட்ட நிறுவனத்தின் பட்டியலைப் பார்த்து உருவாக்கிக்கொள்ளுங்கள். அந்த அட்டவணையிலிருந்து உங்களுக்கே உரிய, முடிவுப் புள்ளி கொண்ட பாதைக் குறியீட்டைத் தயாரித்து அருகில் வைத்துக்கொண்டால், தேடல்கள் எல்லாவற்றையும் அதன் மீது நடத்தலாம். மூலக் குறியீடு காட்சிக்கு மட்டும் பயன்படும்.

கேள்வி: விரிதாளில் திறந்து சேமித்த பின் குறியீடுகள் மாறிவிட்டன. மீட்க முடியுமா?

பதில்: அந்தக் கோப்பிலிருந்து முடியாது. விரிதாள் '0101' என்பதை எண்ணாக எடுத்துக்கொண்டு 101 ஆக்கும், '1.10' என்பதை 1.1 ஆக்கும். 1.1 என்று நிற்பது முன்பு '1.1' ஆக இருந்ததா, '1.10' ஆக இருந்ததா என்று சொல்லும் தடயம் எதுவும் எஞ்சுவதில்லை. மூலக் கோப்பை மீண்டும் பெற்று, இறக்குமதி செய்யும் கட்டத்திலேயே அந்த நெடுவரிசையை உரை என்று குறித்துவிடுங்கள். தரவுத்தளத்திலும் அந்த நெடுவரிசை எண் வகையாக இருக்கக்கூடாது.

கேள்வி: '01.02.' என்ற கிளை முழுவதையும் '03.01.' என்ற இடத்துக்கு மாற்ற வேண்டும். ரீப்ளேஸ் செயலியைப் பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். ரீப்ளேஸ் என்பது சரத்தில் அந்த எழுத்துகள் வரும் இடங்களை எல்லாம் மாற்றும். '01.02.01.02.05.' என்ற குறியீட்டில் '01.02.' இரண்டு முறை வருகிறது. முதலாவது மட்டுமே மாற வேண்டும், ஆனால் இரண்டும் மாறி, குறியீடு '03.01.03.01.05.' ஆகிவிடும். பழைய முன்னொட்டின் நீளம் 6 எழுத்துகள் என்பதால், புதிய முன்னொட்டோடு பழைய குறியீட்டின் 7-ஆவது எழுத்து முதல் எஞ்சியதை ஒட்டுங்கள்: '03.01.' || சப்ஸ்டர்(குறியீடு, 7). வேர் (WHERE) பகுதியில் கிளை நிபந்தனையை எழுத மறவாதீர்கள்.

மாற்றுவதற்கு முன் இரண்டைச் சரிபார்க்க வேண்டும். புதிய இடம் காலியாக இருக்க வேண்டும். புதிய இடம் மாற்றப்படும் கிளைக்குள்ளேயே இருக்கக்கூடாது. முழு வேலையையும் ஒரே பரிவர்த்தனைக்குள் செய்யுங்கள். பாதி மாறிய மரத்தை வேறொரு பயனர் வினவினால் அவருக்குக் கிடைக்கும் கூட்டுத்தொகைக்கு எந்தப் பொருளும் இராது.

இதைவிட ஆழமான கேள்வி, பிற அட்டவணைகள் இந்தத் தலைப்பை எதைக் கொண்டு குறிப்பிடுகின்றன என்பது. அவை குறியீட்டையே எழுதி வைத்திருந்தால், ஒரு கிளையின் இடமாற்றம் தரவுத்தளம் முழுவதும் பரவும். குறியீடு என்பது ஒரு தலைப்பு இப்போது இருக்கும் முகவரி. ஆளின் அடையாளம் முகவரி அல்ல. ஒவ்வொரு தலைப்புக்கும் என்றும் மாறாத ஓர் உள் எண்ணைக் கொடுத்து, பதிவுகள் அந்த எண்ணையே குறிப்பிடுமாறு அமைத்தால், கிளை எங்கே போனாலும் பதிவுகளைத் தொட வேண்டியதில்லை. பதிவுகளைக் கிளைவாரியாகக் கூட்டும்போது உள் எண் வழியாகத் தலைப்பு அட்டவணைக்கு வந்து குறியீட்டைப் பெற வேண்டியிருப்பதால், ஜாயின் ஒன்று கூடும். அந்தச் செலவு ஏற்கத்தக்கது என்பது என் கருத்து.

கேள்வி: எழுத்துக் குறியீட்டையே விட்டுவிட்டு, தாயின் எண்ணை மட்டும் சேமித்து, தன்னையே திரும்பத் திரும்ப அழைக்கும் மீள்வினவல் எழுதுவது நல்லது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். மாறிவிடலாமா?

பதில்: உங்கள் நண்பர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. எஸ்க்யூஎல்லின் 1999-ஆம் ஆண்டுத் தரத்திலேயே வித் ரிகர்சிவ் என்ற மீள்வினவல் வடிவம் இடம்பெற்றுவிட்டது. எஸ்க்யூஎல் சர்வர் 2005 பதிப்பிலும், போஸ்ட்கிரெஸ்க்யூஎல் 2009-இல் வந்த 8.4 பதிப்பிலும், எஸ்க்யூலைட் 2014-இலும், மைஎஸ்க்யூஎல் 2018-இல் வந்த 8.0 பதிப்பிலும் மீள்வினவலைப் பெற்றன. ஆரக்கிள் அதற்கு வெகு முன்பிருந்தே கனெக்ட் பை என்ற தன் சொந்த வடிவத்தை வைத்திருந்தது. எழுத்துக் குறியீட்டு முறை இவ்வளவு பரவியதற்கு, பல தரவுத்தளங்களில் மீள்வினவல் நெடுநாள் இல்லாதிருந்ததும் ஒரு காரணம்.

தாயின் எண்ணைச் சேமிக்கும் முறையில் கிளையை இடம் மாற்றுவது ஒரே ஒரு வரிசையை மாற்றும் வேலை. இல்லாத தாயைக் குறிப்பிட முடியாதவாறு ஃபாரின் கீ காவல் காக்கும். எழுத்துக் குறியீட்டில் அந்தக் காவல் இல்லை; '01.03.' இல்லாமலேயே '01.03.002.' இருக்க முடியும், தரவுத்தளம் அதை எதிர்க்காது. மறுபக்கம், ஒரு கிளையைப் படிக்க மீள்வினவல் மட்டம் மட்டமாக இறங்கிச் செல்ல வேண்டும். எழுத்துக் குறியீடு ஒரே எல்லைத் தேடலில் முடித்துவிடும். பிழையால் ஒரு தலைப்பு தன் வாரிசுக்கே பிள்ளையாகிவிட்டால், யூனியன் ஆல் கொண்டு எழுதிய மீள்வினவல் முடிவின்றிச் சுழலும் ஆபத்தும் உண்டு; போஸ்ட்கிரெஸ்க்யூஎல் 14 முதல் அதைக் கண்டறியச் சைக்கிள் என்ற பகுதி உள்ளது.

என் பரிந்துரை இரண்டையும் வைத்திருப்பது. தாயின் எண்ணே மூல உண்மை. எழுத்துக் குறியீடு அதிலிருந்து, டிரிகர் (மாற்றம் நடக்கும்போது தானாக ஓடும் நிரல்துண்டு) வழியாகவோ நிரல் வழியாகவோ, கணித்து எழுதப்படும் நகல். மனிதர் எவரும் குறியீட்டைக் கையால் திருத்தக்கூடாது. அரிதாக மாறி, அடிக்கடி படிக்கப்படும் கணக்குத் தலைப்பு, பொருள் வகை போன்ற மரங்களுக்கு இந்த அமைப்பு நன்கு பொருந்தும். ஒவ்வொரு நிமிடமும் கிளைகள் இடம் மாறும் மரமாக இருந்தால் குறியீட்டு நகல் வேண்டாம், மீள்வினவல் மட்டும் போதும். நீங்கள் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் பயன்படுத்துபவரானால் எல்ட்ரீ என்ற நீட்சியையும், எஸ்க்யூஎல் சர்வர் பயன்படுத்துபவரானால் 2008 பதிப்பு முதல் உள்ள ஹையரார்க்கிஐடி என்ற தரவு வகையையும் பாருங்கள். பாதைக் குறியீட்டுக்கென்றே உருவாக்கப்பட்டவை அவை. பின்னதில் 10 என்பது 2 என்பதற்குப் பின்னரே வரிசையாகும். முன்னதில் பகுதிகள் எழுத்துகளாகவே ஒப்பிடப்படுவதால் சுழியமிடும் பழக்கத்தை அங்கேயும் விட முடியாது.

மாற்றத்தைத் தொடங்குமுன், இப்போதுள்ள அட்டவணையில் ஒரு வினவலை ஓட்டிப் பாருங்கள்: மட்டம் 1-க்கு மேற்பட்ட ஒவ்வொரு வரிசைக்கும் கடைசிப் பகுதியை வெட்டித் தாய்க் குறியீட்டைப் பெற்று, அத்தகைய வரிசை இல்லாதவற்றை நாட் எக்ஸிஸ்ட்ஸ் கொண்டு பட்டியலிடுங்கள். தாயின் எண்ணை நிரப்பும்போது உங்களைத் தடுத்து நிறுத்தப்போகும் வரிசைகள் அந்தப் பட்டியலில் இருப்பவைதாம். முதலில் அவற்றுக்குத் தாயைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு புதிய நெடுவரிசையைச் சேருங்கள்.